பத்தாவது பெயர்

திருப்பதி,
19 ஜனவரி 2025

அன்புள்ள மாமா,

நான் நன்றாக இருக்கிறேன். சித்தூர் மெஸ் சாப்பாடு உங்களை இன்னும் விட்டுவைத்திருக்கிறதா? பொங்கலுக்கு எங்களுக்கு இரண்டே நாள் லீவு. ஊருக்குப் போய்த் திரும்பிய களைப்பு தீர்வதற்குள் டெஸ்ட் வைத்துவிட்டார்கள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். இந்த ஹாஸ்டலில் போன் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் யசோதா மேடத்தின் போனில் பத்து நிமிஷம், அதுவும் ஸ்பீக்கரில், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கடிதத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள். ஆனால் மேடத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. போன வாரம் திருத்தணி அத்தைக்கு எழுதியதை மேலும் கீழும் பார்த்துவிட்டு "அந்தா பாகேனா?" என்று கேட்டார். "பாகே மேடம்" என்றேன். எல்லாம் நன்றாக இருப்பதாக நம்பி உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் திருத்தணியில் தங்கிப் படித்ததால் உங்களுக்கு வந்த தமிழ் எழுத்து, மே மாத லீவுகளில் எனக்கு வந்தது. நைனாவுக்கும் அம்மாவுக்கும் பேச மட்டும்தான் தமிழ், படிக்கத் தெலுங்கு. அதனால் நம் இரண்டு பேருக்கு நடுவில் யாரும் நுழைய முடியாது. தைரியமாக எழுதலாம்.

விஷயம் இதுதான். இன்ஜினியரிங் எங்கே சேர்வது? நைனா முடிவே கட்டிவிட்டார். "உங்க மாமன் லெக்சரரா கீற காலேஜ விட்டுட்டு வேற எங்கியோ ஏன் போவணும்? ஊட்டுப் பொண்ணா பாத்துப்பாரு." எனக்குத் திருப்பதியில் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. நீங்கள் ஆறு வருஷமாக உங்கள் கல்லூரிக்குள் இருப்பவர். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நைனா கேட்பார்.

உங்கள் மருமகள்,
பிரித்திகா


சித்தூர்,
2 பிப்ரவரி

அன்புள்ள பிரித்திகாவுக்கு,

மாமா சௌக்கியம். மெஸ் சாம்பாரில் நேற்று ஒரு முருங்கைக்காய் துண்டு அகப்பட்டது. யார் தட்டிலிருந்து தப்பி வந்ததோ. உன் உடம்பைப் பார்த்துக்கொள், படிக்கிறேன் என்று சாப்பிடாமல் இருக்காதே.

ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனால் வாசலையும் நீரூற்றையும் பார்க்காதே. லேபுக்குப் போய் மெஷின் மேல் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தனியாகப் பிடித்து, போன செமஸ்டரில் எந்தப் பாடத்தை யார் எடுத்தார்கள் என்று கேள். பெயர் சொல்லத் திணறினால் புரிந்துகொள். வேலை கிடைத்தவர்கள் படம் பெரிய பேனரில் இருக்கும். அந்தப் படத்தில் இருப்பவர் எந்த வருஷம் படித்தவர் என்று கேள். லைப்ரரியில் ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசியாக எப்போது வெளியே போனது என்று தேதி பார். பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடம் பழசு, பாத்ரூம் மோசம், வாத்தியார்கள் சிலர் சிடுசிடுப்பார்கள். ஆனால் பாடம் நடக்கும்.

எங்கள் கல்லூரிக்கு எல்லா ஊரிலிருந்தும் பஸ் உண்டு. கேன்டீனில் தோசை பரவாயில்லை. வளாகத்தில் வேப்பமரங்கள் நிறைய, வெயில் தெரியாது. பெண்கள் ஹாஸ்டலுக்குக் காவல் இருக்கிறது.

இப்போதைக்குப் பரீட்சையைக் கவனி.

அன்புடன்,
மோகன்ராஜ் மாமா


திருப்பதி,
23 பிப்ரவரி

அன்புள்ள மாமா,

எனக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம். உங்களுக்கு முதுகு வலி எப்படி?

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கல்லூரியை எப்படிச் சோதிப்பது என்று ஒரு பக்கம் எழுதினீர்கள். உங்கள் கல்லூரிக்கு நான்கு வரி. அந்த நான்கு வரியில் பஸ், தோசை, வேப்பமரம், வாட்ச்மேன். லேப் இல்லை, பாடம் இல்லை. கெமிஸ்ட்ரி பேப்பரில் நான் இப்படி எழுதியிருந்தால் நீங்களே முட்டை போட்டிருப்பீர்கள்.

என்ன மாமா, உங்கள் லேபில் தூசி இருக்கிறதா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் யார் வந்தாலும் அம்மா, "எந் தம்பி இன்ஜினியரிங் காலேஜ்ல சொல்லிக் குடுக்கறான்" என்றுதான் ஆரம்பிப்பாள். கேட்கும்போது எனக்கும் பெருமையாக இருக்கும். அதனால்தான் கேட்கிறேன். பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிரித்திகா


சித்தூர்,
30 மார்ச்

அன்புள்ள பிரித்திகா,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். நான் சுகம், நீயும் பரீட்சைகளை நல்லபடியாக முடித்திருப்பாய்.

இந்த மாதம் முழுக்க வெளி வேலை. பாலசமுத்திரம், நகரி என்று வண்டியிலேயே சுற்றுகிறேன். வெயிலில் கை இரண்டும் கறுத்துவிட்டது, முகம் முன்பே கறுப்பு என்பதால் நஷ்டமில்லை. நீ கேட்டதற்கு நிதானமாக எழுதுகிறேன். உகாதிப் பச்சடி கிடைத்ததா?

மாமா


திருப்பதி,
13 ஏப்ரல்

அன்புள்ள மாமா,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசு சரியில்லை.

என் ரூமில் இருக்கும் நந்திதாவுக்கு நகரி. அவள் அப்பா போனில் சொன்னாராம், உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு லெக்சரர் நோட்டீஸ் பையோடு வீட்டுக்கு வந்தார், அவள் ஹால் டிக்கெட்டுக்கு ஜெராக்ஸ் கேட்டார், இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்று. பெயர் மோகன்ராஜ். ஹால் டிக்கெட் உங்களுக்கு எதற்கு மாமா?

இன்று நைனா போனில் பேசினார். ஸ்பீக்கரில் யசோதா மேடமும் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க மாமன் காலேஜ்ல வேன் வெச்சி எங்களையெல்லாம் காணிப்பாக்கம் கூட்டிக்கினு போனாங்கம்மா. நல்ல தரிசனம். ரகுன்னு அட்மிஷன் ஆபீசரு, தங்கமான மனுசன். எம் பொண்ணு இங்கதான் சேரும்னு சாமி முன்னால வாக்கு குடுத்துட்டேன். உன் டென்த் மார்க் மெமோ, ஜாதி சர்டிபிகேட்டு எல்லாம் மாமன் வந்து வாங்கிக்கினு போனாரு. இனிமே அவரு பாத்துப்பாரு, நீ நிம்மதியா படி."

அந்தப் பிள்ளையார் முன்னால் பொய் சத்தியம் செய்ய நம் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. நைனா கொடுத்த வாக்கை மீறமாட்டார். நான் இன்னும் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுகூட எழுதவில்லை. அதற்குள் என் சர்டிபிகேட்டுகள் எனக்கு முன்னால் காலேஜ் சேர்ந்துவிட்டன.

வாக்குக் கொடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?

பிரித்திகா


சித்தூர்,
24 ஏப்ரல்

அன்புள்ள பிரித்திகாவுக்கு ஆசீர்வாதம்.

உன் மார்க் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். கோவர்த்தனன் கடையில் ஜாங்கிரி வாங்கி எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

சர்டிபிகேட்டுகளைப் பற்றிக் கவலைப்படாதே. ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. என்னுடையவையும் அதே அலமாரியில்தான், நான் சேர்ந்த நாளிலிருந்து பத்திரமாக இருக்கின்றன.

மற்றதையெல்லாம் தேர்வு முடிந்து பேசலாம். இப்போது மனசைக் குழப்பிக்கொள்ளாதே. வெயிலுக்கு மோர் குடி.

மாமா

பி.கு.: நீ கேட்டாய். பக்கத்தில்தான் இருந்தேன்.


விஜயபுரம்,
15 ஜூன்

அன்புள்ள மாமா,

வீட்டில் அனைவரும் நலம். ஹாஸ்டலை விட்டு வந்து மூன்று வாரம். இப்போது நைனாவின் போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, யசோதா மேடமும் இல்லை. ஆனால் நீங்கள் எடுப்பதில்லை. பதினோரு தடவை அடித்தேன். அதனால்தான் திரும்பவும் தபால் பெட்டி.

ரேங்க் வந்துவிட்டது. கோச்சிங் சார்கள் எல்லோரும், திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் உனக்குக் கிடைக்கும் என்கிறார்கள். கவுன்சலிங்கில் கல்லூரி கேட்டுப் போடும் ஆப்ஷன் பட்டியலில் முதலில் அதைப் போட்டால் போதும்.

ஆனால் போடப்போவது நான் இல்லையாம். நேற்று அந்த ரகு நைனாவுக்குப் போன் செய்து தெலுங்கில் பேசினார். "சீட்டு கன்ஃபர்ம் அண்டி. ஓடிபி வரும்போது மோகன்ராஜ் சார் போன் செய்வார், நம்பரை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்." நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஆப்ஷன் வேலையெல்லாம் இவ்வளவு சுலபமா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். "மாமனுக்குத் தெரியாதது உனக்கு இன்னா தெரியும்?" என்கிறார். உங்களுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே.

மாமா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். திருப்பதியை முதலில் போடுங்கள்.

பிரித்திகா


சித்தூர்,
29 ஜூன்

அன்புள்ள பிரித்திகா,

நலம் விசாரிக்கிற தகுதியோடு இதை எழுதவில்லை. முழுவதும் படி. வேறு யாருக்கும் காட்டாதே.

போன் எடுக்காததற்குக் காரணம், உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் வராது. பக்கத்தில் ரகு இருந்தால் உண்மையும் வராது. இந்த இரண்டு மாதமாக எங்கள் போன்கள் எல்லாம் ஸ்பீக்கரில்தான். உன் வார்டன் தேவலை, பத்து நிமிஷத்தோடு விடுகிறார்.

எங்கள் லேபில் தூசி இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் லேபில் பாதி கருவிகள் ஓடாது, ரிக்கார்டு நோட்டில் ரீடிங்கை முந்தின வருஷ நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன். போன வருஷம் எலக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுத்தேன். காலையில் நான் படித்து மத்தியானம் அவர்களுக்குச் சொன்னேன். ஒரு பையன் சந்தேகம் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

ஒவ்வொரு லெக்சரரும் வருஷத்துக்குப் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர் ஜூலையில் வர வேண்டியதில்லை. ஜனவரியில் பிரின்சிபால் அறையில் ஒரு தாள் கொடுத்தார்கள், ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு. அன்று காலையில்தான் உன் முதல் கடிதம் வந்திருந்தது. சட்டைப் பையில் இருந்தது. காலித் தாளைக் கொடுக்க வெட்கமாக இருந்தது. பத்தாவது இடத்தில் உன் பெயரை எழுதினேன். மற்ற ஒன்பது நிரம்பினால் கடைசியை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று நீ எழுதிய கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஒன்பது நிரம்பிவிட்டது. இப்போது பத்தைக் கேட்கிறார்கள்.

ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று கேட்பாய். சேரும்போது டென்த்திலிருந்து எம்.டெக் வரை என் ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு இடத்தில் வேலை கிடைத்து மூன்று தடவை கேட்டேன். சாவி ரகுவிடம் இருக்கிறது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அக்கா எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது கவனமாகக் கேள். ஆப்ஷன் திறக்கிற நாளில் எங்களை ஹாலில் உட்காரவைத்து வரிசையாகப் போன் போடச் சொல்வார்கள். ஓடிபி கிடைத்ததும் எங்கள் கல்லூரி ஒன்றை மட்டும் போட்டுப் பூட்டிவிடுவார்கள். எனக்கு எழுந்து போகிற தைரியம் இருக்கும் என்று நினைக்காதே. எனக்கு என்னைத் தெரியும். நான் போன் செய்வேன். கண்ணு என்று கூப்பிட்டுக் கேட்பேன். என் குரலில் எந்த வித்தியாசமும் தெரியாது.

நானே கேட்டாலும் கொடுக்காதே.

மோகன்ராஜ்


விஜயபுரம்,
14 ஜூலை

அன்புள்ள மாமா,

நான் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

உங்கள் கடிதத்தை போஸ்ட்மேன் மாசிலாமணி நைனா கையில் கொடுத்துவிட்டார். நைனா உறையைப் பிரித்து, அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னிடம் நீட்டினார். "மாமன் இன்னா எழுதிக்கிறாரு, சத்தமா படி."

யாருக்கும் காட்டாதே என்று தொடக்கத்திலேயே இருந்தது. படித்தேன் மாமா, உங்கள் கடிதத்தை அல்ல. "அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். நான் சுகம். இங்கே மழை இல்லை. கடலை விதைத்தாயிற்றா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். முதுகு வலி குறைந்திருக்கிறது." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கற்பனை அரைப் பக்கத்தில் தீர்ந்துவிட்டது. "அவ்ளோதானா? நாலு பக்கம் கீதே" என்றார் நைனா. மீதி கவுன்சலிங் விஷயம், எனக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் மீதியைப் படித்தேன்.

சனிக்கிழமை உங்கள் போன் வந்தது. நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். "மாமா, ஓடிபி வந்திருக்கும். பிரித்திகா கண்ணுகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க" என்றீர்கள். நீங்கள் எழுதியது சரிதான், குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது. நைனா முதல் இரண்டு எண்ணைச் சொல்லிவிட்டார். போனைப் பிடுங்கி, "தரமாட்டேன் மாமா" என்றேன். உங்கள் பின்னால் யாரோ தெலுங்கில் சிரித்தார்கள், சொந்த அக்கா பெண்ணே நம்பவில்லையா சார் என்று.

அது நைனா காதிலும் விழுந்தது. "நாலு பேர் எதிர்ல மாமன் தலய குனிய வெச்சிட்டியே. சாமிகிட்ட நான் குடுத்த வாக்கு இன்னா ஆவறது?" என்று கத்தினார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியைப் படித்துக் காட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும். என்னால் முடியவில்லை. இந்த வீட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே நந்திதாவோடு நகரி நெட் சென்டருக்குப் போனேன், நைனாவின் போனைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு. திருப்பதியை முதலில் போட்டேன். உங்கள் கல்லூரியைப் போடவில்லை.

சீட் வந்தால் சர்டிபிகேட்டுகள் வேண்டுமே மாமா. அவை உங்கள் அலமாரியில் அல்லவா இருக்கின்றன?

பிரித்திகா


சித்தூர்,
26 ஜூலை

அன்புள்ள பிரித்திகா,

திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்ததை நெட்டில் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

எங்கள் ஆபீஸில் வேலை செய்யும் மணியம்மாவுக்கு உங்கள் பக்கம்தான் ஊர். அவர் கையில் உன் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தனுப்புகிறேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள். எப்படிக் கிடைத்தன என்று கேட்காதே. கேட்டேன், கொடுத்தார்கள்.

எனக்கு ஒன்றும் குறைவில்லை, வேலையும் இருக்கிறது. போய்ச் சேர். லேபில் விரலால் தடவிப் பார்த்து எழுது.

மாமா


சித்தூர்,
5 ஆகஸ்ட்

சம்பத் மாமாவுக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள். எனக்குத் தெலுங்கில் எழுதிப் பழக்கமில்லை. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரித்திகா படித்துக் காட்டாமல் நீங்களே படிக்க வேண்டும் என்பதற்காகத் தெலுங்கில் எழுதுகிறேன்.

அவள் திருப்பதியில் சேர்ந்து ஒரு வாரமாகியும் நீங்கள் அவளோடு பேசவில்லை என்று மணியம்மா சொன்னார். பஸ் ஏற்றிவிடக்கூட நீங்கள் வரவில்லையாம். மாமா, ஓடிபியைக் கொடுக்காதே என்று அவளிடம் சொன்னதே நான்தான். போன மாதம் அவள் உங்களுக்குப் படித்துக் காட்டிய என் கடிதத்தில் மழையும் கடலையும் கிடையாது. எங்கள் கல்லூரியில் பாடம் நடப்பதில்லை, அங்கே சேராதே என்றுதான் நான்கு பக்கமும் எழுதியிருந்தேன். உங்களிடம் வண்டி வண்டியாகப் புகழ்ந்த அதே கல்லூரி. ஆறு வருஷமாக நான் உங்களுக்குச் சொன்னது அவ்வளவும் பொய். என் மானத்தைக் காப்பாற்ற அந்தக் குழந்தை இல்லாத கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் திட்டையும் வாங்கிக்கொண்டாள்.

காணிப்பாக்கத்தில் நீங்கள் கொடுத்த வாக்கைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பொய்யைக் கேட்டு ஏமாந்து கொடுத்த வாக்கு அது. பொய் சொன்னவன் பக்கத்திலேயே கை கட்டி நின்றான். போன செவ்வாய்க்கிழமை தனியாகப் போய் அந்த இடத்திலேயே நின்று சாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன். குற்றம் என்னுடையது.

இன்னொன்று உங்களுக்கு மட்டும். பிரித்திகாவுக்குத் தெரியக் கூடாது. அவள் சர்டிபிகேட்டுகளை ரகு சும்மா கொடுக்கவில்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அலமாரியைத் திறந்தார். அவளுடையதை எடுக்கும்போது அடியில் என் எம்.டெக் சான்றிதழின் ஓரம் தெரிந்தது. கை நீட்டினால் எட்டும். ரகு கதவைச் சாத்திவிட்டார்.

இன்றைக்கே அவளுக்குப் போன் செய்யுங்கள். இப்போது அவள் கையில் சொந்த போன் இருக்கிறது. ஸ்பீக்கரில் போடாமல் பேசுங்கள். மாமன் வீட்டுக்கு வந்தால் சோறு போடுவீர்களா என்று அவளைவிட்டே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டது நான்கு வருஷத்துக்கு. பிரித்திகா படித்து முடித்து வெளியே வருகிற வருஷம் நானும் வெளியே வருவேன். அதுவரை என் சர்டிபிகேட்டுகளைப் பற்றி அவள் கேட்டால், பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மோகன்ராஜ்